துத்தநாகம் பூசிய மரையாணிகளைப் பற்றவைத்தல்

தாம்பரத்திற்கு மேற்கேயுள்ள முடிச்சூர், மணிமங்கலம், படப்பை முதலிய ஊர்களில், பம்பு செட்டுக் கொட்டகை, கம்பி வேலி, இரும்புக் கதவு ஆகியவற்றிற்கு வெண்ணிறமான போல்ட்டு, நட்டுகளே இக்காலத்தில் பெரிதும் உபயோகிக்கப்படுகின்றன. அவற்றின் வெண்மை துத்தநாகப் பூச்சினால் உண்டாவது. ஈரமும் உப்புக் காற்றும் உள்ள நம் பிரதேசத்தில் இரும்பைத் துரு அணுகாமல் காப்பதற்கு இப்பூச்சு மிக ஏற்றதே. ஆயினும், அவற்றை மின்சாரத்தால் பற்றவைக்கும்போது விளையும் தீங்கை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

துத்தநாகம் சுமார் 420 டிகிரி சென்டிகிரேடில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். எஃகு உருகுவதற்கோ 1,400 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். ஆகவே இரும்பு இளகுமுன்னரே பூச்சு ஆவியாகிக் காற்றிற் கலந்து வெண்புகையாகின்றது. அப்புகையைச் சுவாசித்தவருக்கு அப்பொழுது ஒன்றும் தோன்றாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீடு சேர்ந்த பின்னர், வாயில் உலோகச் சுவை, தாகம், குளிர் நடுக்கம், ஜுரம், உடல்வலி ஆகியவை காணும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதனை மழைக்கால ஜுரமென்றே எண்ணிவிடுவர். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். பால் குடித்தால் புகை தாக்காது என்று பட்டறைகளில் கூறுவதுண்டு, அதற்கு ஆதாரமில்லை. புகை செல்வது நுரையீரலுக்கேயன்றி வயிற்றுக்கன்று.

இதனினும் கொடியது காட்மியப் பூச்சு. பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய ஆணிகளில் இஃது இருக்கக்கூடும். துத்தநாகத்தினின்று இதனைக் கண்ணால் பிரித்தறிவது அரிது. இதன் புகையும் முதலில் சாதாரண ஜுரம்போலத் தோன்றி, பின்பு நுரையீரலில் நீர் கோக்கச் செய்து உயிரையே போக்கவல்லது. ஆதலின், பழைய சாமான் கடையில் வாங்கிய இனந்தெரியாத ஆணிக்கு அனல் காட்டவே கூடாது. பற்றவைத்தவருக்கு மூச்சுத் திணறலோ மார்பு வலியோ கண்டால், வேலையின் விவரத்தைச் சொல்லி உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். 1928-ல் க்ஷயரோக விடுதியாகத் தொடங்கப்பெற்ற தாம்பரம் சானடோரியம் இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசாங்க ஆஸ்பத்திரியாக நம் அருகிலேயே இருக்கின்றது.

கூடுமானால் பற்றவைப்பதையே தவிர்த்து, துளையிட்டு முடுக்குவது மேல். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த ஆணிகள் பதமேற்றிய உயர்வலு எஃகாலானவை. அனல் பட்டால் பதம் கெடும். அவற்றைப் பற்றவைக்கலாகாது. பூச்சில்லாத சாதாரண ஆணியை வாங்கிப் பற்றவைத்து, பிறகு வர்ணம் பூசுவது செலவும் குறைவு, தொந்தரவுமில்லை.

பூச்சுள்ளதையே பற்றவைக்க நேர்ந்தால், பற்றுமிடத்தைச் சுற்றி 1 முதல் 4 அங்குலம் வரை பூச்சை அரைத்து நீக்கி, இரும்பு தெரியும்படி செய்யவேண்டும். அரைக்கும் தூசியும் மூக்கிற் புகலாகாது. வேலையை வெட்டவெளியில் வைத்துக்கொள்க. ஜன்னலற்ற மோட்டார் அறையும் கிணற்றின் உட்புறமும் அறவே ஆகா. காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்று, புகைக்கு மேல் தலை கவிழாதிருத்தல் வேண்டும். துண்டை மூக்கிற் கட்டுவதால் பயனில்லை; உலோகப் புகைக்கென்றே செய்த வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். கூலிக்கு வருபவரிடம் அஃதில்லையெனில், வேலை கொடுப்பவரே வாங்கித் தருவது முறை.

பற்று ஆறியபின் கசடைத் தட்டித் தேய்த்து, துத்தநாகத்தூள் மிகுந்த வர்ணத்தை இருமுறை பூசவேண்டும். பூசாது விட்டால் அடுத்த மழைக்குள் அவ்விடத்தில் துரு ஏறும்.