கேட்டலும் காண்டலும்: இங்கிலாந்தின் சிறுவர் பாதுகாப்பு விசாரணை முறை

ஒரு குற்றம் நிகழ்ந்தவிடத்துச் சாட்சிகள் பலர் இருப்பின் உண்மையைத் துணிதல் எளிது. சாட்சி ஒருவரேனும் இல்லாவிடத்து அஃது அரிது. துன்புற்றது நான்கு வயதுக் குழந்தையாகவும், துன்புறுத்தியவர் அக்குழந்தைக்கு நாடோறும் உணவளிப்பவராகவும், நிகழ்ந்தவிடம் தாளிட்ட வீட்டின் உள்ளறையாகவும் அமையுமாயின் அவ்வருமை பன்மடங்காகும். அவ்வீட்டின் கதவைத் தட்டி உட்சென்று, கேட்டும் கண்டும் உண்மையை அறியும் கடமை மேனாடுகளிற் சமூகப் பணியாளர் எனப்படும் உத்தியோகத்தருக்கு உரியது. அவர் அதனை எவ்வாறு ஆற்றுகின்றார் என்பதும், அம்முறை எத்தகைய பிழைகளினின்றும் உருவாயிற்று என்பதும் இங்கிலாந்து நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப்படுகின்றன.

குழந்தைகளைக் கொடுமையினின்றுங் காத்தற்கென இங்கிலாந்தில் முதற் சட்டம் 1889ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. எனினும், பெற்றோரே பிள்ளையின் எலும்பை முறித்தலுங் கூடும் என்பதை ஏற்க வைத்திய உலகம் நெடுங்காலந் தயங்கிற்று. 1962இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து வைத்தியர் ஹென்றி கெம்ப் என்பாரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட கட்டுரை அத்தயக்கத்தைப் பெரிதும் நீக்கிற்று. 1973இல் பிரைட்டன் நகரில் மரியா கொல்வெல் என்னும் ஏழு வயதுச் சிறுமி மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். அயலவரும் ஆசிரியரும் அவள்நிலை குறித்து முன்னரே கவலை தெரிவித்திருந்தனர். ஒவ்வோர் அலுவலகமும் ஒரு துண்டுச் செய்தியை அறிந்திருந்தது. அத்துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர் இலர். பின்னர் எழுந்த 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் 1991இல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் நலனே தலையாயது என்பது அதன் அடிப்படை.

அச்சட்டத்தின் 47ஆம் பிரிவு, ஒரு பிள்ளை கணிசமான தீங்குக்கு உள்ளாகின்றது என்றோ உள்ளாகக்கூடும் என்றோ ஐயுறுதற்குத் தக்க காரணம் இருப்பின், உள்ளூராட்சி மன்று விசாரித்தே ஆகவேண்டும் என விதிக்கின்றது. விசாரணை வீட்டு வாயிலில் தொடங்குவதன்று. முதலிற் சமூகப் பணியாளரும் பொலிசாரும் சுகாதாரத் துறையினருங் கலந்து ஆலோசிப்பர். பிள்ளையுடன் பேசுபவர் யார், பேசுமிடம் எது, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, பெற்றோருக்கு எப்பொழுது அறிவிப்பது என்பன அங்கே தீர்மானிக்கப்படும். இவ்வொழுங்கு வீண் சடங்கன்று. ஐயத்துக்குரியவர் காதில் முதலிற் செய்தி விழுமாயின், பிள்ளையின் வாய் அன்றிரவே அடைக்கப்படலாம். ஆபத்து உடனடியானதாயின் பொலிசார் 72 மணித்தியாலம் வரை பிள்ளையைத் தம் காப்பில் வைத்தல் கூடும். நீதிமன்றம் அவசரக் காப்புக் கட்டளை பிறப்பித்தலுங் கூடும். தீங்கின் அபாயம் தொடருமெனக் காணப்படின், ஆலோசனை நிகழ்ந்த நாளிலிருந்து பதினைந்து வேலைநாட்களுள் மாநாடு கூடி மேற்கொண்டு செய்வதைத் தீர்மானிக்கும்.

இவ்வேலையில் நேரக்கூடிய பெரும்பிழைகள் இரண்டு. உள்ள தீங்கைக் காணாது விடுதல் ஒன்று. இல்லாத தீங்கை உள்ளதாகக் கொள்ளுதல் மற்றொன்று. இரண்டாவதற்குச் சான்றாவது 1987இல் கிளீவ்லண்ட் மாவட்டத்தில் நிகழ்ந்தது. சில மாதங்களுள் 121 பிள்ளைகள் பாலியல் வதைக்கு ஆளாயினர் என வைத்தியர் இருவர் முடிவு செய்தனர். உடற்பரிசோதனையிற் கண்ட ஒரு குறியிற் பெருநம்பிக்கை வைக்கப்பட்டது. பிள்ளைகள் பலர் வீட்டினின்றும் பிரிக்கப்பட்டனர். சிலர் மீண்டும் மீண்டும் வினவப்பட்டனர். பின்னர் அவர்களுட் பெரும்பாலோர் வீடு திரும்பினர். நீதியரசர் எலிசபெத் பட்லர்-சுலொஸ் அம்மையாரின் 1988ஆம் ஆண்டு அறிக்கை, விசாரிப்பவர் பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும் என்றும், முடிவை முன்கூட்டியே நெஞ்சிற் கொள்ளலாகாது என்றும், ஒரே பிள்ளையைப் பன்முறை வினவி வருத்தலாகாது என்றும் வற்புறுத்திற்று.

வினாவே விடையைப் படைத்துவிடுதல் எங்ஙனம் என்பதை 1995இல் அமெரிக்க உளவியலாளரான லைக்ட்மன், சேசி ஆகிய இருவர் வெளியிட்ட பரிசோதனை காட்டும். பாலர் பள்ளி ஒன்றிற்கு ஒரு மனிதர் வந்து, சில நிமிடம் இருந்து, எதனையுந் தொடாது சென்றார். அவர் தடுமாற்றக்காரர் என்னுங் கதைகள் குழந்தைகள் சிலருக்கு முன்னரே கூறப்பட்டிருந்தன. அவர் சென்றபின், புத்தகத்தை அவர் கிழித்ததாகவும் கரடிப் பொம்மையை அழுக்காக்கியதாகவும் பொருள்படும் வினாக்கள் வாரக்கணக்கில் மீட்டும் மீட்டும் வினவப்பட்டன. ஈற்றில், அக்குழந்தைகளுள் மிக இளையோர் பலர் அவர் அவ்வாறு செய்தார் என்றே சாதித்தனர். கதையுங் கேளாது, வழிகாட்டும் வினாவுக்கும் உட்படாத குழந்தைகளோ பெரும்பாலும் உண்மையையே உரைத்தனர். ஆகவே, குழந்தையின் சொல் நம்பத்தகாதது என்பது இதனாற் பெறப்படும் முடிபன்று. கெட்டது வினவியவரின் முறையே.

இப்படிப்பினைகளின் பயனாக இங்கிலாந்தில் 1992இல் விசாரணைக்குரிய நெறிக்கோவை ஒன்று வகுக்கப்பட்டது; 2002இல் விரிவான வேறொன்று அதன் இடத்தைப் பெற்றது. அவை கூறும் விசாரணை நான்கு படிகளை உடையது. முதலாவது நட்புறவு கொள்ளுதல். பிள்ளைக்கு விருப்பமான விளையாட்டையோ சென்ற பிறந்தநாளையோ பற்றிப் பேசவிட்டு, நிகழ்ச்சியொன்றைத் தொடர்ச்சியாகச் சொல்லும் பழக்கத்தை உண்டாக்குவர். தெரியாததைத் 'தெரியாது' எனலாம், கேட்பவர் பிழையாகச் சொன்னால் திருத்தலாம் என்று பிள்ளைக்கு உரிமையும் அளிப்பர். வகுப்பறையில் ஆசிரியர் வினவும்போது அவர் விடையை முன்னரே அறிந்திருப்பார் எனப் பிள்ளை பழகியிருத்தலின், இவ்வுரிமையை வெளிப்படையாகச் சொல்லுதல் இன்றியமையாதது. இரண்டாவது தடையற்ற கூற்று. 'நடந்ததை முதலிலிருந்து சொல்' என்பதும், 'அதன்பின் என்ன நடந்தது?' என்பதுமே இங்குக் கேட்கத்தக்கன. இடையிடும் மௌனத்தைப் பொறுத்தல் வேண்டும். மூன்றாவது வினாக்கள். யார், எங்கே, எப்பொழுது என்பன பிள்ளை தானே கூறியவற்றைத் தெளிவாக்குதற்கு மட்டும் எழும். 'மாமா உன்னை அடித்தாரா?' என்பது விடையைத் தன்னகத்தே கொண்ட வினா. 'உன் கையிலுள்ள காயத்தைப் பற்றிச் சொல்' என்பது விடையைப் பிள்ளையிடமே விடுகின்றது. 'ஏன் சொல்லாமல் இருந்தாய்?' என்பது பழியாகவே பிள்ளையின் காதில் விழும். நான்காவது முடிவு. அச்சந் தராத பேச்சுக்கு மீண்டு, நன்றி கூறி, இனி நடப்பது யாது என்பதை உரைப்பர். 'யாருக்குஞ் சொல்லமாட்டேன்' என்னும் வாக்குறுதியை அளித்தலாகாது. அதனைக் காத்தல் இயலாது.

கேட்டலுக்கு இணையானது காண்டல். பேச்சறியாத குழந்தையின் வாழ்வு அதன் உடலிலும் நடையிலுமே எழுதப்பட்டிருக்கும். விழுந்து அழும் பிள்ளை யாரிடம் ஓடுகின்றது, விடை கூறுமுன் யாருடைய முகத்தை நோக்குகின்றது, சகோதரர் நடுவே ஒன்றுமட்டும் வேறாக உடுத்தப்படுகின்றதா என்பன நோக்கப்படும். ஆறுதலை எதிர்பாராது, அசைவின்றி, பெரியோரின் ஒவ்வோர் அசைவையுங் கண்களாற் பின்தொடரும் குழந்தை தனிக்கவனத்துக்கு உரியது. அதன் படுக்கை எங்கே உள்ளது, அடுக்களையில் உணவு உளதா, அறைக்கதவின் வெளிப்புறத்தில் தாழ்ப்பாள் உளதா என்பனவும் பார்க்கப்படும். கண்டதை எழுதுதலும் ஒரு பயிற்சியே. 'தாய் அன்பற்றவர்' என்பது கருத்து. 'குழந்தை இருமுறை அழுதது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை' என்பது காட்சி. பின்னையதே ஏட்டில் முதலிடம் பெறும். எனினும், அந்நியர் முன் எவரும் இயல்பாக ஒழுகார். துன்புறுத்தும் பெற்றோரையும் பிள்ளை நேசித்தல் உண்டு. ஆதலின் ஒரு குறியோ ஒரு வருகையோ முடிவுக்குப் போதாது.

பெற்றோரை இயன்றவரை தனித்தனியே கண்டு பேசுவர். கணவனிடம் அடிபடும் மனைவி அவன் முன்னிலையில் உண்மை கூறாள். குற்றச்சாட்டு இன்னதென்பது ஒளிவின்றிக் கூறப்படும். காயம் எவ்வாறு உண்டாயிற்று எனக் கேட்டு, அவ்விளக்கம் பிள்ளையின் வயதுக்குப் பொருந்துமா, வைத்தியரிடஞ் செல்லத் தாமதம் ஏன், கூற்று இடையில் மாறிற்றா என்பன ஒப்புநோக்கப்படும். தவழாத குழந்தை தானே உருண்டு உடலெங்குங் கன்றிப்போதல் அரிது. 2000ஆம் ஆண்டில் அரசு வகுத்த மதிப்பீட்டு முறை, பிள்ளையின் வளர்ச்சித் தேவை, பெற்றோரின் ஆற்றல், குடும்பமும் சூழலும் என்னும் மூன்றனையும் முக்கோணத்தின் மூன்று பக்கங்களாக வைத்து நோக்கச் செய்தது. வறுமையைக் கொடுமை என மயங்காதிருத்தற்கும், வறுமையைக் கொடுமைக்குச் சாட்டாகக் கொள்ளாதிருத்தற்கும் அது துணையாயிற்று.

முதற்பிழையின் கொடுமைக்கு விக்டோரியா கிளிம்பியின் முடிவு சான்று. மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிற் பிறந்து, உறவினளான ஒருத்தியோடு 1999இல் இலண்டனுக்கு வந்த அச்சிறுமி, 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள் எட்டு வயதில் இறந்தாள். உடலில் 128 காயங்களும் வடுக்களுங் காணப்பட்டன. வைத்தியசாலை இரண்டு, பொலிசார், பல மன்றுகளின் உத்தியோகத்தர் எனப் பலர் அவளைப் பற்றி அறிந்திருந்தனர். காயங்கள் சொறிநோயின் விளைவு என ஒருமுறை கூறப்பட்டது. சமூகப் பணியாளரின் வீட்டு வருகைகள் முன்னறிவித்து நிகழ்ந்தன. அவளோடு தனியே அமர்ந்து, அவள் நாட்கள் எவ்வாறு கழிகின்றன எனப் பொறுமையுடன் கேட்டவர் இலர்.

2003இல் லேமிங் பிரபு வெளியிட்ட விசாரணை அறிக்கை 108 பரிந்துரைகளை உடையது. அவ்வறிக்கை சுட்டும் ஒரு செய்தி கீழைத்தேயத்தவர் அனைவரும் சிந்திக்கத்தக்கது. தன்னை வளர்ப்போர் முன் விக்டோரியா விறைத்து நின்றாள். ஆபிரிக்கப் பண்பாட்டிற் பெரியோர்பாற் காட்டும் மரியாதை அதுவெனக் கொள்ளப்பட்டது. அவளை ஈன்ற பெற்றோரோ, தம் வீட்டில் அவள் அவ்வாறு நிற்றல் வேண்டும் என்னும் வழக்கம் இருந்ததில்லை என்றனர். அச்சம் மரியாதை எனப் பெயர் பெற்றது. பிறர் பண்பாட்டை மதித்தல் நன்று. ஆயினும் அம்மதிப்பு, கேட்கவேண்டிய வினாவைக் கேளாது விடுதற்குக் காரணமாகலாகாது. பெற்றோர் கூற்றை அவமதியாது கேட்டு, அதனை வேறு சான்றால் உறுதிப்படுத்தும்வரை ஐயத்தைக் கைவிடாதிருத்தலே தகும் என்பது லேமிங் பிரபுவின் துணிபு. 2007இல் இலண்டனில் இறந்த பீட்டர் கொனெல்லி என்னுங் குழந்தையின் முகத்துக் கன்றல்கள், உத்தியோகத்தர் வருகையின்போது சொக்கிலேற் பூச்சால் மறைக்கப்பட்டிருந்தன. முகத்தைக் கழுவிப் பார்ப்பார் இல்லாது போயிற்று. அறிக்கை எழுதுதல் எளிது, அதன்வழி ஒழுகுதல் அரிது என்பதற்கு அது சான்றாயிற்று.

கிளீவ்லண்ட் நிகழ்ச்சி அளவுக்கு மிஞ்சிய துணிவின் கேட்டையும், விக்டோரியாவின் முடிவு அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையின் கேட்டையும் உணர்த்துகின்றன. இவ்விரண்டிற்கும் மருந்து ஒன்றே. விடையை முன்னரே அறிந்தவர்போல் வினவாமையும், கண்ணெதிரே உள்ளதைக் காணாதவர்போற் செல்லாமையும் அதன் கூறுகள். பெரியோர் பலரின் பேச்சுக்கு நடுவே பிள்ளையின் குரல் மிக மெல்லியது. சட்டமும் நெறிக்கோவையும் அக்குரலுக்கு இடம் அமைத்துத் தரலாம். அருகிற் சென்று அமர்ந்து, அது பேசத்தொடங்கும்வரை காத்திருத்தல் மனிதர் ஒருவர் செய்யவேண்டிய வேலையாகும்.