பந்தியில் காத்திருக்கும் கணக்குகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாயிலும் செடெனாக்கிலும் எழும்பும் தரவு மையங்களைப் பற்றிய செய்திகள் மெகாவாட்டிலும் பில்லியனிலும்தான் பேசுகின்றன. கூலாயில் ஒய்டிஎல் நிறுவனம் அமைக்கும் வளாகம் 500 மெகாவாட் கொண்டது. அங்கே என்விடியாவுடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை நிறுவும் திட்டம் 2023 டிசம்பரில் 20 பில்லியன் ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. அதே மாநிலத்தில், ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அப்படியொரு பல்கலைக்கழகத்தில் வெள்ளப்பெருக்கையோ புரத மூலக்கூறையோ கணித்துப் பார்க்கும் ஆய்வு மாணவருக்கு மெகாவாட் எதையும் சொல்லாது. இன்று அனுப்பிய கணக்கு எப்போது ஓடத் தொடங்கும்? அவருக்கு வேண்டிய எண் அதுதான். அரசு நிதியில் ஆய்வாளர்களுக்குக் கணினி வாங்குவோர் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியதும் அதுவே.

அந்த எண் சீராக ஏறுவதில்லை. ஒரே கணினி, முன்னறிவிப்பின்றி வந்து சேரும் வேலைகள், ஓடும் நேரம் ஏறுமாறாக இருந்தாலும் சராசரி ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் பாதி நேரம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 1 மணி. 80 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால் 4 மணி, 90 விழுக்காட்டில் 9 மணி, 95 விழுக்காட்டில் 19 மணி. பள்ளி விடுமுறையில் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. பல நூறு கணுக்கள், அதாவது சேர்ந்து இயங்கும் தனிக் கணினிகள், கொண்ட இயந்திரத்தில் காத்திருப்பு இதைவிடக் குறையும். ஆனால் நிறைவை நெருங்கும்போது செங்குத்தாக ஏறும் குணம் மாறாது. தணிக்கை அறிக்கையில் 95 விழுக்காட்டுப் பயன்பாடு சாதனையாகத் தெரியும். கொஞ்சம் காலியாக இருக்கும் இயந்திரம் வீண் என்ற எண்ணம் ஆய்வுக்குப் பெரும் தீங்கு செய்கிறது.

வரிசையை நடத்துவது ஸ்லர்ம் போன்ற மென்பொருள். அதன் மிக அழகான உத்தியைக் கல்யாணப் பந்தியில் காணலாம். மண்டபத்தில் 100 இலை. 60 பேர் சாப்பிடுகிறார்கள். வரிசையின் முன்னால் நிற்பது 80 பேர் கொண்ட சம்பந்தி வீட்டுக் கூட்டம், சேர்ந்துதான் உட்காருவார்கள். வந்த வரிசைப்படிதான் என்று பிடிவாதம் பிடித்தால் 40 இலை வெறுமனே காயும். நிற்பவர்களை எல்லாம் உட்கார வைத்தாலோ 80 இடம் ஒருசேரக் காலியாகவே செய்யாது. சம்பந்திகள் சாயங்காலம் வரை நிற்பார்கள். பந்தி விசாரிப்பவர், சாப்பிடும் 60 பேரும் அரை மணிக்குள் எழுந்துவிடுவார்கள் என்று கணித்து, அரை மணியில் 80 இலை என்று சம்பந்திகளுக்கு நேரம் குறிக்கிறார். பிறகு பின்னால் நிற்பவர்களில் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவேன் என்பவர்களைக் காலி இலைகளில் அமர்த்துகிறார். சம்பந்திகளுக்குத் தேவைப்படாத 20 இலையில் நிதானமாகச் சாப்பிடுபவர்களும் உட்காரலாம். சம்பந்திகளுக்கு ஒரு நிமிடமும் தாமதமில்லை. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் 1990களின் நடுவில் உருவான இந்த இடைநிரப்பு முறைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வுக் கணினிகளில் ஓடுகிறது.

சொன்ன நேரம் தாண்டினால் இலையை எடுத்துவிடுவார்கள். வேலை பாதியில் நிறுத்தப்படும். அதனால் ஆய்வாளர்கள் இடைக்கிடையே கணக்கைச் சேமித்து வைக்கிறார்கள்: மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அடுத்த பந்தியில் தொடர்வது போல. இலை பறிபோகும் பயத்தில் தேவைக்கு மேல் நேரம் கேட்பதும் வழக்கம். ஐபிஎம் எஸ்பி2 கணினிகளின் வேலைப் பதிவேடுகளை வைத்து 2001இல் வெளியான ஆய்வு, இந்தப் பொய்க்கணக்கு வரிசையைக் கெடுக்கவில்லை என்று கண்டது. கேட்ட நேரத்தை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டபோது சராசரித் தாமதம் குறையக்கூடச் செய்தது. வேலைகள் குறித்ததற்கு முன்பே முடிய, திறக்கும் இடைவெளிகளில் சின்ன வேலைகள் புகுந்துவிடுகின்றன.

ஆகவே கொள்முதல் பழைய பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். சம்பந்திக் கூட்டம் போலப் பல கணுக்களை ஒருசேரக் கேட்கும் வேலைகள் எத்தனை, ஒரே கணு போதும் என்னும் ஒற்றையாட்கள் எத்தனை? ஒற்றையாட்களே மிகுதி என்றால் கணுக்களை இணைக்கும் விலையுயர்ந்த அதிவேக வலையில் பணத்தைப் போட வேண்டாம். இலைக்குச் சாதம் வந்து சேரும் வேகத்தையும் பார்க்க வேண்டும். நூறு இலைக்கு ஒரே சாம்பார் வாளி என்றால் உட்கார்ந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே நடப்பது இதுவே. ஜப்பானின் ஃபுகாக்கு மீக்கணினி, உலகத் தரப்பட்டியலுக்கான லின்பாக் சோதனையில் 442 பெட்டாஃபிளாப்ஸ் வேகத்தை எட்டியது. நினைவகத்தை அதிகம் நம்பியிருக்கும் எச்பிசிஜி சோதனையில் 16தான். ஒப்பந்தப்புள்ளியில் உச்ச வேகத்தை மட்டும் கேட்பது ஏமாறும் வழி. ஆய்வாளர்களின் சொந்த நிரல்களை ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது நல்லது.

வாங்க நினைக்கும் கணினி நேரத்துக்குக் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அமெரிக்கா கிரே மீக்கணினியைத் தர மறுத்ததால் இந்தியா 1988இல் சி-டாக் நிறுவனத்தைத் தொடங்கி 1991இல் பரம் 8000 மீக்கணினியைக் கட்டியது. அமெரிக்கச் சில்லுகளை வெளியே அனுப்ப மலேசியா 2025 ஜூலையில் உரிமம் கட்டாயமாக்கியதைப் பார்த்தால், சில்லு என்பது இன்றும் அரசியல் பொருள்தான். ஆகவே திட்டத்தில் இயந்திரம் வந்து சேரும் தேதிக்குத் தாராளமாக இடம் விட வேண்டும்.

வாங்கிய கணினியை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. கடலுக்கு அப்பால் சிங்கப்பூர் 2015இல் ஒரே தேசிய மீக்கணினி மையத்தை அமைத்து அனைவருக்கும் பகிர்ந்தது. இரண்டு சிறு மண்டபங்களைவிட ஒரு பெரிய மண்டபத்தில் காத்திருப்பு குறைவு என்பதால் கணக்கு அதன் பக்கம். இந்தியா அதே 2015இல் 4,500 கோடி ரூபாய்த் திட்டத்தில் கணினிகளைக் கல்வி நிலையங்களுக்குப் பரப்பியது. திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் திறந்த 'பரம் பொருள்' 838 டெராஃபிளாப்ஸ் திறன் கொண்டது; செலவு 19 கோடி ரூபாய். பட்டியல்களில் அது பெரிய பெயரில்லை. ஆனால் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஆட்கள் அந்த ஊரிலேயே உருவாகிறார்கள், அது சின்ன லாபமில்லை.

மின்சாரத்தைத் திட்டத்தின் பின்னிணைப்பில் தள்ளக் கூடாது. ஆண்டு முழுதும் 1 மெகாவாட் இழுக்கும் இயந்திரம் 87.6 லட்சம் யூனிட் எடுக்கும். யூனிட் 50 சென் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 44 லட்சம் ரிங்கிட், ஐந்தாண்டில் 2 கோடியைத் தாண்டும். குளிரூட்டல் தனி, ஜொகூரில் அதற்கு உதவக் குளிர்காலம் கிடையாது. பராமரிக்கும் பொறியாளர்களின் சம்பளமும் முதல் நாளிலிருந்தே நிதியில் இருக்க வேண்டும். முழுத் தொகையையும் முதலாண்டிலேயே செலவழிக்காமல் ஒரு பங்கை மூன்றாம் ஆண்டுக்கு வைத்திருந்தால், அதற்குள் பதிவேட்டில் எந்த வகை வேலை நெடுநேரம் நின்றது என்று தெரிந்திருக்கும். இரண்டாம் தவணையில் அந்த வகைக் கணுக்களை வாங்கலாம்.