வெளிநாட்டுப் படிப்பும் கிரெடிட் கணக்கும்



தோட்டப்புறத்துப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிது என்றிருந்த காலம் மாறிவிட்டது. இன்று நம் பிள்ளைகளில் சிலர் உள்நாட்டுக் கல்லூரியில் ஓரிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, எஞ்சிய படிப்பை அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ முடிக்கச் செல்கின்றனர். பல்கலைக்கழகத்தில் படிப்போருள் சிலர் ஒரு பருவம் மட்டும் வெளிநாட்டில் படித்துத் திரும்புகின்றனர். இதற்காகப் பெற்றோர் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கின்றனர். கூட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏலத்தில் எடுக்கின்றனர். தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. இப்படிச் சேர்த்த பணத்தில் ஒரு வெள்ளிகூட வீணாகாமலிருக்க வேண்டுமானால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னரே முடித்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. இங்கே படித்த பாடங்களுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்பதை எழுத்து மூலமாக உறுதி செய்துகொள்வதே அது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வில் 'ஐந்து கிரெடிட் எடுத்திருக்கிறான்' என்கிறோம். அங்கே கிரெடிட் என்பது தேர்ச்சியின் தரத்தைக் குறிக்கிறது. கல்லூரியில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு பாடத்தைக் கற்க எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்பதற்கான அளவுகோலே கல்லூரிக் கிரெடிட். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பாகும். வகுப்பில் அமர்வது, நூலகத்தில் படிப்பது, பயிற்சி எழுதுவது, தேர்வெழுதுவது எல்லாம் இதில் அடங்கும். மூன்று கிரெடிட் பாடமென்றால் 120 மணி நேரம். டிப்ளோமா படிப்புக்குக் குறைந்தது 90 கிரெடிட்டும், இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டும் தேவை.

இந்த அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. அமெரிக்காவிலும் இளங்கலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட்தான். ஆனால் பிரிட்டனில் 120 கிரெடிட் என்றால் ஓராண்டுப் படிப்பு மட்டுமே. சிறப்புப் பட்டத்துக்கு 360 வேண்டும். ஏனெனில் அங்கே ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஓராண்டுக்கு 60 கிரெடிட் என்பது கணக்கு. ஆகவே, 'என் மகளிடம் 60 கிரெடிட் இருக்கிறது' என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த நாட்டு அளவில் 60 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காத்தியையும் கிலோவையும் ஒன்றாக எண்ணிச் சாமான் வாங்குவோர் உண்டோ?

இன்னொன்றையும் நாம் உணர்தல் வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாளி நிறையப் பால் கொண்டுபோனாலும், ஸ்டோரில் அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்றுதான் சோதித்துப் பார்ப்பார்கள். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் அப்படித்தான் பார்க்கிறது. பிள்ளை எத்தனை கிரெடிட் கொண்டுவருகிறது என்பதைவிட, அவற்றுள் எத்தனை இந்தப் பட்டத்துக்கு உதவும் என்பதையே அது எடைபோடுகிறது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகின்றனர். 'உங்கள் கிரெடிட்டை ஏற்றுக்கொண்டோம்' என்பது ஒன்று; 'அவற்றைப் பட்டத்தின் கட்டாயப் பாடங்களுக்கு ஈடாகக் கணக்கிட்டோம்' என்பது வேறொன்று. ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடம் வெறும் விருப்பப் பாடமாக ஒதுக்கப்படலாம். விருப்பப் பாடத்துக்கான இடம் ஏற்கனவே நிரம்பியிருந்தால், அந்தப் பாடம் சான்றிதழில் இருக்குமேயன்றிப் பட்டத்தை நெருங்க உதவாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொறியியல் மாணவன் ஒருவன் இங்கே இரண்டாண்டுகளில் 60 கிரெடிட் முடித்துவிட்டு அமெரிக்கா செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 120இல் 60 போக மீதி 60. ஒரு பருவத்துக்கு 15 வீதம் நான்கு பருவங்களில் முடிந்துவிடும் என்று குடும்பம் திட்டமிடுகிறது. அங்கே போனபின் அவற்றுள் 45 மட்டுமே பட்டத்துக்குக் கணக்காகும் என்று தெரியவருகிறது. மீதி 75. நான்கு பருவம் ஐந்தாகிறது. ஐந்தாவது பருவத்துக்குரிய கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் கூடுதல் செலவு. மாணவர் விசாவில் இருப்போர் ஒரு பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும் என்பது அந்நாட்டின் பொது விதி. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துச் செலவைக் குறைக்கவும் இயலாது.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்? வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, இங்குள்ள கல்லூரியில் சேரும் முன்னரே, அந்தப் படிப்பு நம் நாட்டில் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2007இல் அமைக்கப்பட்ட மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ., அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை வைத்திருக்கிறது. எவரும் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. பிள்ளை படிக்கப்போகும் படிப்பின் பெயரே அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவான பாடத்திட்டத்தைக் கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். வாரந்தோறும் என்ன கற்பிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம், எந்தப் பாடநூல், என்ன தேர்வு என்பன அதில் இருத்தல் வேண்டும். பாடத்தின் தலைப்பை மட்டும் வைத்து அங்குள்ளோர் முடிவு செய்வதில்லை. உள்ளடக்கம் ஒத்துவருகிறதா என்றே பார்க்கின்றனர்.

மூன்றாவதாக, சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் பட்டத் திட்டத்தை எடுத்து, ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, இடப்பக்கம் இங்குள்ள பாடத்தையும் வலப்பக்கம் அதற்கு ஈடான அங்குள்ள பாடத்தையும் எழுத வேண்டும். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை கிரெடிட்டை ஏற்கிறீர்கள்? அவை எந்தெந்தக் கட்டாயப் பாடங்களுக்கு ஈடாகும்? குறைந்தபட்சம் என்ன மதிப்பெண் தேவை? உங்களிடம் நேரில் படித்தே ஆக வேண்டிய கிரெடிட் எத்தனை? பல இடங்களில் 'சி' தரத்துக்குக் கீழான பாடத்தை ஏற்பதில்லை.

நான்காவதாக, பதில் எழுத்தில் இருக்க வேண்டும். முகவர் வாயால் சொன்னது, கல்விக் கண்காட்சியில் சிரித்த முகத்தோடு சொன்னது, இவை எவையும் பின்னாளில் நிற்கமாட்டா. எழுதியவரின் பெயர், பதவி, நாள் ஆகியவற்றோடு வந்த பதிலின் பிரதி ஒன்று பிள்ளையிடமும் மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும்.

ஐந்தாவதாக, கல்லூரிக்குக் கட்டண பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாக்கி இருந்தால் மதிப்பெண் சான்றிதழை நிறுத்திவைக்கும் கல்லூரிகள் உண்டு. சான்றிதழ் போகாவிட்டால் கிரெடிட்டும் போகாது.

ஒரு பருவம் மட்டும் வெளிநாடு சென்று திரும்பும் மாணவருக்கு இதே கணக்கு எதிர்த்திசையில் நடக்கும். அங்கே படிக்கும் பாடத்தை இங்குள்ள துறை ஏற்க வேண்டும். ஆகவே புறப்படும் முன்னரே பாடப் பட்டியலுக்குத் துறையின் ஒப்புதல் கையெழுத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அங்கே போனபின் ஒரு பாடம் நடக்கவில்லையென்றால், வேறு பாடத்தில் பதிவு செய்யும்போதே மீண்டும் எழுதி ஒப்புதல் கேட்க வேண்டும். ஊர் திரும்பியபின் கேட்பது, வண்டி போனபின் கைகாட்டுவது போலாகும்.

கடைசியாக ஒன்று. கிரெடிட் ஒத்துவந்தாலும், அந்தப் பட்டம் இங்கே தொழில் செய்ய உதவுமா என்பது தனிக் கேள்வி. மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றத்தையும், பொறியியலுக்கு மலேசியப் பொறியியலாளர் வாரியத்தையும் கேட்க வேண்டும். 2005இல் உக்ரேனின் கிரிமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக அரசாங்கம் அறிவித்தபோது, நம்மவர் குடும்பங்கள் எத்தனை கலங்கின என்பதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அங்கீகாரம் மாறக்கூடியது, ஆகவே சேரும் ஆண்டிலேயே கேட்டறிவது நன்று.

பெற்றோர்களே, இதற்கெல்லாம் ஆங்கிலம் தெரிய வேண்டுமே என்று தயங்க வேண்டாம். பாடத்திட்டம் எங்கே, பதில் கடிதம் எங்கே என்று பிள்ளையைத் தமிழில் கேட்டாலே போதும். கடிதம் எழுதத் துணை வேண்டுமாயின், அருகிலுள்ள பள்ளிக்கு வாருங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் உடனிருந்து எழுதித் தருவோம். சேமநிதிப் படிவத்தில் கையெழுத்திடும் முன் அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.