காசல்ஸ் வாசிக்க மறுத்த ஆண்டுகள்

1945. போர் ஓய்ந்த இங்கிலாந்தில் பாப்லோ காசல்ஸின் செல்லோவைக் கேட்க அரங்குகள் நிரம்பி வழிந்தன. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தன. இரண்டையும் வேண்டாம் என்றார். ஹிட்லரும் முசோலினியும் ஒழிந்த பிறகும் ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் நீடித்தது. பிரிட்டிஷ் அரசு அதைக் கண்டும் காணாமலும் இருந்தது. ஃபிராங்கோவை ஏற்கும் நாடுகளில் இனி மேடை ஏறுவதில்லை என்று காசல்ஸ் முடிவெடுத்தார். எழுபதை நெருங்கும் வயதில், புகழின் உச்சியில், வில்லைக் கீழே வைத்தார்.

வாசிக்காமல் காத்திருப்பதைச் சிறுவயதிலேயே பழகியவர் அவர். 1876-இல் ஸ்பெயினின் கேட்டலோனியாப் பகுதியில், எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். சுரைக்குடுக்கையில் ஒற்றைத் தந்தி கட்டிய கருவிதான் பையனின் முதல் செல்லோ. மகன் தச்சுவேலை கற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்பது தந்தையின் எண்ணம். தாய் பிலார் விடவில்லை. பார்சிலோனாவுக்கு அழைத்துப் போய் இசைப்பள்ளியில் சேர்த்தார்.

அந்தக் காலத்தில் செல்லோ மாணவர்கள் வலது அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது என்பதற்காக! இடது கையோ ஒவ்வொரு சுரத்துக்கும் தந்தியில் மேலும் கீழும் சறுக்கிக்கொண்டே இருக்கும். காசல்ஸ் பள்ளிப் பருவத்திலேயே இரண்டையும் கேள்வி கேட்டார். வலது கையை விடுவித்தார். இடது கை விரல்களை அகல விரித்து, கையை நகர்த்தாமலே அடுத்த சுரத்தைத் தொட்டார். இன்று எந்த ஊரில் செல்லோ கற்பவரும் ஏறத்தாழ அவர் வழியில்தான் வாசிக்கிறார். அவருடைய புகழை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம்தான். உடம்பின் இறுக்கம் தளர்ந்ததால்தான் அந்தக் கருவிக்கு மனிதக் குரலின் நெகிழ்வு வந்தது.

1890-இல், பதின்மூன்று வயதில், பார்சிலோனா துறைமுகத்தை ஒட்டிய பழைய இசைநூல் கடை ஒன்றில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆறு தொகுப்புகள் அவர் கையில் கிடைத்தன. துணைக்கருவி ஏதுமின்றி ஒற்றைச் செல்லோவுக்காக, பழைய ஐரோப்பிய நடன மெட்டுகளைக் கோத்து பாக் சுமார் 1720-இல் இயற்றியவை அவை. அன்றைய ஆசிரியர்களுக்கு அவை வெறும் கைப்பயிற்சி. துண்டு துண்டாகச் சிலர் வாசித்ததோடு சரி. பையன் அவற்றை நாள்தோறும் சாதகம் செய்தான். ஒரு தொகுப்பை முழுமையாகச் சபையில் வாசிக்கும் துணிவு வரச் சுமார் 12 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஊர் அறிந்த கலைஞராகிவிட்டவர், தனக்கு மிகப் பிடித்ததை மட்டும் தனக்குள்ளேயே வைத்திருந்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1936 ஜூலை 18. பார்சிலோனாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, ஸ்பெயின் குடியரசுக்கு எதிராக ராணுவக் கலகம் வெடித்த செய்தி வந்தது. உடனே கலைந்து போகச் சொல்லி உத்தரவு. இனி எப்போது சேர்வோமோ, முடித்துவிட்டே போவோமா என்று காசல்ஸ் கேட்டார். இசைக்குழுவும் பாடகர்களும் சகோதரத்துவத்தைப் பாடும் கடைசிப் பகுதியை முழுவதும் இசைத்துவிட்டே வெளியேறினார்கள். உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. பாக்கின் தொகுப்புகளை அவர் இசைத்தட்டுக்கு வாசித்ததும் அந்த நாட்களில்தான்: 1936 நவம்பரில் லண்டனில் தொடங்கி, 1939 ஜூனில் பாரிஸில் முடித்தார். அதற்குள் குடியரசு ஃபிராங்கோவிடம் வீழ்ந்திருந்தது. பழைய பதிவு, கரகரக்கும். இன்று இதைவிடத் துல்லியமாக வாசிப்பவர்கள் பலர். ஆனாலும் ஐந்தாம் தொகுப்பில் வரும் ‘சாரபாந்து’ என்ற மெதுவான நடன மெட்டை அந்தத் தட்டில்தான் கேட்க வேண்டும் என்பேன்.

ஃபிராங்கோவின் ஸ்பெயினில் அவருக்கு இடமில்லை. எல்லைக்கு அப்பால், பிரான்சின் பிராட் என்ற ஊரில் குடியேறினார். பக்கத்து முகாம்களில் ஸ்பெயின் அகதிகள் பசியிலும் குளிரிலும் கிடந்தார்கள். அவர்களுக்காக உலகெங்கும் கடிதம் எழுதினார், நிதி திரட்டினார். பின்னர் அவர் மேடைகளைத் துறந்தபோது, நண்பர் அலெக்சாண்டர் ஷ்னைடர் வேறு வழி கண்டார்: நீங்கள் வராவிட்டால் இசைக்கலைஞர்கள் உங்களிடம் வரட்டும். பாக் இறந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1950-இல், அந்தச் சிற்றூரின் தேவாலயத்தில் விழா நடந்தது. வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன், பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கின் போன்றவர்கள் வந்து வாசித்தார்கள்.

பிற்காலத்தைத் தாய் பிறந்த புவேர்ட்டோ ரிக்கோவில் கழித்தார். 1961-இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்காக வெள்ளை மாளிகையில் வாசித்ததை முரண் என்று சொல்லலாம். அமெரிக்காவும் ஃபிராங்கோவை ஏற்ற நாடுதானே. கென்னடி மேல் வைத்த நம்பிக்கையால் அந்த விலக்கை அவர் அளித்தார். அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து ஆண்டு கழித்து ஐ.நா. சபையில் சமாதானப் பதக்கம் பெற்ற அன்று, 94 வயதில், கேட்டலோனிய நாட்டுப்பாடலான ‘பறவைகளின் பாட்டை’ வாசித்தார்.

1973 அக்டோபர் 22-இல் சான் ஹுவானில் இறந்தார். ஃபிராங்கோ இறந்தது 1975-இல். மக்களாட்சி திரும்பிய பிறகு, 1979-இல், காசல்ஸின் உடலை எல் வென்ட்ரெலுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.