மலையில் நீச்சல் குளம்: குளோரினுக்கு மாறும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 செப்டம்பரில், திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்தின் நீச்சல் குளத்தில் குளித்த 17 வயது மாணவருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் இருப்பது தெரியவந்தது. உடனே குளம் மூடப்பட்டு, நீர் மாதிரி சோதனைக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் கண்ணூரைச் சேர்ந்த 13 வயது மாணவி ஒருவர் அமீபா தொற்றால் இறந்தார். பள்ளிச் சுற்றுலாவில் மூணாறு போனபோது நீச்சல் குளத்தில் இறங்கியது காரணமாக இருக்கலாம் என்று அப்போது சந்தேகிக்கப்பட்டது.

மூணாறும் நீலகிரியைப் போலத் தேயிலையும் பனியும் சுற்றுலாவுமாக வாழும் ஊர். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் தோட்டத்து பங்களாக்களிலும் ஹோம்ஸ்டேக்களிலும் நீச்சல் குளம் இருந்தால் வாடகை கூடுகிறது. குளம் கட்டுவதில் காட்டும் அக்கறை நீரைப் பராமரிப்பதில் இருப்பதில்லை. "இந்தக் குளிருக்கு எந்தக் கிருமி வளரும்?" என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கலாம்.

குளிர் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கலாம், கிருமியைக் கொல்லாது. அமீபா வெதுவெதுப்பான நீரை விரும்புவது உண்மைதான். அதனால்தான் குளிருக்காக ஹீட்டர் போட்ட குளமும் ஜக்கூசியும் தனிக் கவனம் கேட்கின்றன. நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் நன்றாகப் பெருகும். கூடலூர், பந்தலூர் போன்ற தாழ்வான பகுதிகளில் ஹீட்டர் இல்லாமலே வெயில் காலத்தில் நீர் சூடேறும். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை பரப்பும் கிருமிகளுக்கோ சூடு தேவையே இல்லை. குளிப்பவர் ஒருவர் கொண்டுவந்தால் போதும். இரவில் குளத்தில் வாய் வைக்கும் காட்டெருமையும், பகலில் இறங்கி விளையாடும் குரங்கும் கொண்டுவந்தாலும் போதும்.

பழைய முறைகள் ஏன் கைவிடுகின்றன?

மலைக் குளங்களில் தொல்லை மூன்று வழியாக வருகிறது.

முதலாவது மயில்துத்தம் என்னும் தாமிர உப்பு. தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடித்துப் பழகிய தோட்டக்காரர்களுக்கு, குளத்துப் பாசிக்கும் அதையே போடலாம் என்று தோன்றுவது இயல்பு. பாசி போய்விடும், நீர் பளிச்சென்று நீலமாகவும் தெரியும். ஆனால் தாமிரம் பாக்டீரியாவை மிக மெதுவாகத்தான் கொல்லும். காலையில் ஒருவர் விட்டுச்சென்ற கிருமி மாலையில் குளிக்கும் குழந்தைக்குக் காத்திருக்கும்.

இரண்டாவது 'உப்பு நீர்க் குளம்'. இதில் குளோரினே கிடையாது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது தவறு. கரைந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் தயாரிப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. நீர் மிகவும் குளிர்ந்தால் பெரும்பாலான இயந்திரங்கள் உற்பத்தியைக் குறைக்கும் அல்லது தானாக நின்றுவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இயந்திரம் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். நீரில் குளோரின் இருக்காது.

மூன்றாவது புற ஊதா விளக்கு. விளக்கைக் கடந்து போகும் நீரில் மட்டும்தான் அது கிருமியைக் கொல்லும். குளத்துக்குள் நிற்கும் நீரில் காவல் எதுவும் மிச்சமிருக்காது.

அதனால்தான் கடைசியில் பலரும் குளோரினுக்கு வருகிறார்கள். போட்ட பிறகும் நீரில் எஞ்சி நின்று, புதிதாக வரும் கிருமியையும் கொல்வது அதன் பலம். அளவு தப்பாமல் வைத்திருப்பதுதான் அதன் விலை.

எந்த அளவு சரி?

அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்வது: நீச்சல் குளத்தில் எஞ்சிய குளோரின் குறைந்தது 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம், ஜக்கூசியில் குறைந்தது 3. பிஹெச் 7.0 முதல் 7.8 வரை. இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே வேலை செய்யும். பிஹெச் 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியத்தோடு இருக்கும். 8 ஆகிவிட்டால் அது கால்பங்குக்கும் கீழே போகும். இந்தியாவில் நீச்சல் குள நீருக்கென ஐ.எஸ். 3328 என்ற தர நிர்ணயமே இருக்கிறது.

சரியான அளவு இருந்தால் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். ஜியார்டியாவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பத்து நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். இந்தக் கணக்கு 25 டிகிரி நீருக்கானது. ஊட்டிக் குளிரில் இன்னும் நேரமாகும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள யாரையும் குளத்தில் இறக்கக் கூடாது. அதற்கு வேறு மாற்று இல்லை.

குளத்துப் பக்கம் போனாலே மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த வாடைக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். குளிருக்குப் பயந்து கண்ணாடிக் கூரை போட்டு, ஜன்னலையும் சாத்தி வைத்த குளங்களில் இது தேங்கி மூச்சுத்திணறல் தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அங்கே கவனமாக இருக்க வேண்டும்.

மாறுவது எப்படி?

இருக்கும் நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள சிறு குளமே 50,000 லிட்டர் பிடிக்கும். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் ஊர்களில் அது நியாயமில்லை. பெரும்பாலும் தேவையும் இல்லை. உப்பு நீரானாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அப்படியே குளோரினுக்கு மாறலாம்.

முதலில் நீரைச் சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் குளத்தை நிரப்பும் கிணற்று நீரைப் பரிசோதிக்கலாம். பிஹெச், காரத்தன்மை, இரும்பு ஆகிய மூன்றும் முக்கியம். நீரில் இரும்பு இருந்தால் குளோரின் போட்ட சிறிது நேரத்தில் குளம் டீ நிறமாகும். பயப்பட வேண்டாம். கரைந்திருந்த இரும்பு துருவாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். பம்ப்பை ஓடவிட்டு, வடிகட்டியை அடிக்கடி கழுவினால் தெளியும்.

அடுத்து குப்பை. சில்வர் ஓக், யூகலிப்டஸ் இலைகளை வாரி எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். இலை மக்கிய நீரில் கொட்டும் குளோரின் இலைக்கே செலவாகிவிடும். குளத்துக்கு மேலே தேயிலைச் சரிவு இருந்தால், மழைநீரோடு உரம் இறங்கிப் பாசிக்குத் தீனியாகும். சரிவுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மூன்றாவது காரத்தன்மை. மலை நீர் பொதுவாக மென்னீர். அதில் காரத்தன்மை குறைவாக இருந்தால் பிஹெச் நிலையாக நிற்காது. 80 முதல் 120 பிபிஎம் வரை இருப்பது நல்லது. ஆப்பசோடாவே போதும், 50,000 லிட்டரில் 50 பிபிஎம் உயர்த்த நான்கு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். முன்பு மயில்துத்தம் போட்ட குளமானால் பிஹெச்சை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். கரைந்திருக்கும் தாமிரம் படிந்து சுவரில் கறையாகும்.

எந்தக் குளோரின் வாங்குவது? 'ட்ரைகுளோர்' மாத்திரை வசதியானது, ஆனால் அமிலத்தன்மை கொண்டது. மென்னீரில் தொடர்ந்து போட்டால் சிமென்ட் பூச்சையும் ஹீட்டரின் செம்புக் குழாயையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரும் திரவ ஹைப்போகுளோரைட்டும் பிஹெச்சை ஏற்றுபவை என்பதால் மலை நீருக்குப் பொருந்தும். புதுப் பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். 50,000 லிட்டரில் 1 பிபிஎம் உயர 150 கிராம் வேண்டும். பாசி பிடித்த குளத்துக்கு முதல் நாள் 10 பிபிஎம் கொடுக்க ஒன்றரைக் கிலோ. பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றி, இரவெல்லாம் பம்ப்பை ஓடவிடுங்கள். அளவு 3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது.

உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பனி விலகிய ஒரு பகலிலேயே காப்பு இல்லாத குளோரின் காணாமல் போய்விடும். திறந்தவெளிக் குளத்தில் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் குளோரின் நிற்கும். அப்போது எஞ்சிய குளோரின் குறைந்தது 2 பிபிஎம் வைக்க வேண்டும்.

காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். அளக்கும் மருந்தையும் பார்த்து வாங்குங்கள். மஞ்சளாக மாறும் சொட்டு மருந்து மொத்தக் குளோரினைக் காட்டும்; பயனற்ற குளோரமைனும் அதில் சேரும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மாத்திரைதான் வீரியமுள்ள குளோரினைத் தனியே காட்டும்.

உயிரைப் பறிக்கும் தவறுகள்

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரே வாளி, ஒரே குவளை என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலே இது நடக்கும். ட்ரைகுளோரும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும்.

தோட்டங்களில் ஒரே ஸ்டோர் ரூமில் யூரியா மூட்டை, டீசல் கேன், பூச்சிமருந்து எல்லாம் அடுக்கியிருப்பார்கள். அங்கே பிளீச்சிங் பவுடர் டிரம்மையும் கொண்டுபோய் வைப்பது பேராபத்து. யூரியாவோடும் அமோனியா உரங்களோடும் அது சேர்ந்தால் வெடிக்கும் வாயு உண்டாகலாம். டீசல் பட்டால் தீப்பற்றலாம். குளோரினுக்கு ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள தனி அறை வேண்டும். மழைக்காலத்தில் திறந்த மூட்டை வீரியத்தை இழந்துவிடும். சிறு பொட்டலமாக வாங்குவதே மேல்.

சரிவில் கட்டிய குளத்தின் பம்ப் அறை பெரும்பாலும் குளத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கும். குளோரின் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் அந்த அறையில்தான் தேங்கும். வாடை வந்தால் மேட்டுப் பக்கம், காற்று வரும் திசை நோக்கி ஓடுங்கள். உள்ளே விழுந்தவரை மீட்க சுவாசக் கருவி இல்லாமல் இறங்காதீர்கள். மருந்து கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

மருந்து கலக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் கண்ணாடியும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தருவதும் அவர் பொறுப்பே.

குளத்து நீரை ஓடையில் திறந்துவிடுவது இன்னொரு தவறு. குன்னூர் ஆறு பவானியில் சேர்கிறது; அந்த நீரைக் கீழே பலர் குடிக்கிறார்கள். ஓடையை மாசுபடுத்துவதை 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு தடை செய்கிறது. குளத்தைக் காலி செய்தே தீர வேண்டுமானால், குளோரின் போடுவதைச் சில நாள் நிறுத்தி, அளவு பூஜ்யமானபின் மண்ணில் மெதுவாகப் பாயவிடுங்கள். மயில்துத்தம் போட்ட நீர் மீனைக் கொல்லும். அதை ஓடைப் பக்கமே விடக் கூடாது.

விருந்தினராகப் போகிறீர்களா?

இறங்கும்முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரிகிறதா? தெரியாத நீரில் மூழ்கும் குழந்தையும் தெரியாது. சுவர் வழுக்குகிறதா? இன்றைய குளோரின், பிஹெச் அளவு எழுதிய பதிவேடு இருக்கிறதா? பணம் கொடுத்துத் தங்கும் உங்களுக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு.

"உங்கள் சொந்தப் பொறுப்பில் குளிக்கவும்" என்ற பலகையைக் காட்டி எல்லாவற்றிலிருந்தும் தப்பிவிட முடியாது. ஹோட்டலில் நிறுத்திய கார் காணாமல் போன வழக்கில், 'காருக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு' என்று அச்சிட்ட வாசகம் ஹோட்டலின் கவனக்குறைவை மறைக்காது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீச்சல் குள வழக்கில் வாதாடவும் அந்தத் தீர்ப்பு துணை நிற்கும்.

அசுத்தமான குளத்தால் நோயோ காயமோ வந்தால் அது சேவைக் குறைபாடு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர் இதற்காக ஊட்டிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அறை ரசீது, குளத்தின் படம், மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

பக்கத்து வீட்டுக் குளம் பாசி பிடித்துக் கொசு வளர்த்தால், நகராட்சி அல்லது பேரூராட்சியின் சுகாதாரப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். 1939-ம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டப்படி அதைச் சரிசெய்யச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அசையவில்லையென்றால் முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது.

குளித்த சில நாட்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே, எப்போது நீந்தினீர்கள் என்பதை டாக்டர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள். 2024 ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்த 14 வயதுச் சிறுவன் பிழைத்தது, நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கியதால்தான்.

குளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹீட்டருக்கும் விளக்குக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் டிபிடி பெட்டியின் விலை. அதை வாங்கி, அளந்து எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் மாட்டுங்கள். அதைச் செய்ய முடியாதென்றால் குளத்தைப் பூட்டி வையுங்கள்.