ஆம்பிரிட்ஜ்: 13 நிமிடத் தொடரும் அதன் புத்தக அலமாரியும்

உலகத்திலேயே அதிக காலமாக ஓடிக்கொண்டிருக்கும் நாடகத் தொடர் எது என்று கேட்டால் நம்மில் பலர் ஏதாவது டிவி சீரியலைத்தான் சொல்வோம். ஆனால் அது ஒரு வானொலித் தொடர். பிபிசியின் 'தி ஆர்ச்சர்ஸ்'. 1950-இல் ஐந்து நாள் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தார்கள், 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க ஒலிபரப்பு. இன்னும் முடியவில்லை. ஒரு பகுதி சுமார் 13 நிமிடம்தான், மொத்தம் 20,000 பகுதிகளைத் தாண்டியாயிற்று. கதை நடப்பது போர்செட்ஷயர் என்ற மாவட்டத்தில், ஆம்பிரிட்ஜ் என்ற கிராமத்தில். இங்கிலாந்து வரைபடத்தில் தேடாதீர்கள், இரண்டுமே கிடையாது.

சில மாதங்களாக இந்தத் தொடரைப் பற்றிய புத்தகங்களைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். தொடரைவிட, அதை வைத்து ரசிகர்கள் போடும் சண்டையும், அந்தச் சண்டையிலிருந்து கிளம்பிய புத்தகங்களும்தான் என்னை இழுத்தன. ஒரு கற்பனைக் கிராமத்துக்கு வரலாற்று நூல், யார் எவர் கையேடு, நாவல்கள், நடிகர்களின் சுயசரிதைகள், கடைசியாகப் பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரைத் தொகுப்புகள். இப்படி ஓர் அலமாரி வேறெந்தச் சீரியலுக்காவது உண்டா, தெரியவில்லை.

தொடங்கிய கதை சுருக்கமாக. போர் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் தொடர்ந்துகொண்டிருந்த நேரம் (1954-இல்தான் முழுசாக ஒழிந்தது). உற்பத்தியைப் பெருக்கும் வழிகளை விவசாயிகளிடம் சேர்க்க வேண்டும். உரை நிகழ்த்தினால் யார் கேட்பார்கள்? அப்போது வானொலியில் டிக் பார்ட்டன் என்ற துப்பறியும் தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. பர்மிங்காமில் நடந்த ஒரு கூட்டத்தில் லிங்கன்ஷயர் விவசாயி ஒருவர் எழுந்து, எங்களுக்கும் ஒரு டிக் பார்ட்டன் வேண்டும் என்கிற மாதிரி சொன்னாராம். காட்ஃப்ரி பேஸ்லி என்ற தயாரிப்பாளர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனையோடு, ப்ரூக்ஃபீல்ட் பண்ணையின் டேன், டோரிஸ் ஆர்ச்சர் தம்பதி பிறந்தார்கள். குடும்பக் கதைக்கு நடுவே உரத்தையும் மாட்டு நோயையும் கலந்து கொடுத்தார்கள். அமைச்சகத் தொடர்பு 1972 வரை நீடித்தது.

இனி ரசிகர்கள் இன்றும் விடாத விஷயத்துக்கு வருவோம். 1955 செப்டம்பர் 22. டேனின் மகன் ஃபில்லுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மனைவி கிரேஸ், தீப்பிடித்த லாயத்துக்குள் குதிரையைக் காப்பாற்ற ஓடுகிறாள், செத்துப்போகிறாள். மறுநாளிலிருந்து பிபிசியின் தொலைபேசி ஓயவில்லை. கற்பனைப் பெண்ணுக்காக நிஜமான கண்ணீர், நிஜமான மலர்வளையம், நிஜமான கோபம்.

அன்று இரவுதான் பிரிட்டனின் முதல் தனியார் தொலைக்காட்சியான ஐடிவி தொடங்கியது. மறுநாள் பத்திரிகைகளில் ஐடிவியோடு கிரேஸும் இடம் பிடித்துக்கொண்டாள். போட்டியாளரின் முதல் நாளைக் கெடுக்கத்தான் ஒரு கதாபாத்திரத்தைக் கொன்றார்கள் என்பது அன்றிலிருந்து பொதுவான விளக்கம். தேதி பொருந்துகிறது, நம்பவும் எளிது.

ஆனால் தேதி எதற்கு என்பதும் ஆள் யார் என்பதும் தனித்தனிக் கேள்விகள் இல்லையா? ஏன் கிரேஸ்? இதற்கு 1996-இல் ஒரு புத்தகம் வேறு பதில் சொன்னது. வில்லியம் ஸ்மெதர்ஸ்ட் என்பவர் 1978 முதல் 1986 வரை இந்தத் தொடரின் பொறுப்பில் இருந்தவர். பேஸ்லியோடு தான் பேசியதை அவர் பதிவு செய்கிறார்: கிரேஸாக நடித்த இசேன் சர்ச்மன் மற்ற நடிகர்களைத் தொழிற்சங்கத்தில் சேரச் சொல்லி ஊக்குவித்தார், அவரைக் கழற்றிவிட வேண்டியிருந்தது, அதுதான் உண்மையான காரணம் என்று பேஸ்லியே ஒப்புக்கொண்டாராம்.

இதைப் படித்த பிறகு அந்த லாயத் தீயை முன்போல் கேட்க முடியுமா? நாற்பது வருஷமாக ஐடிவிக் கதையைச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, அதற்கடியில் ஒரு சம்பளத் தகராறு இருக்கிறது என்று தெரியவருகிறது. ஸ்மெதர்ஸ்ட் பக்கச்சார்பு இல்லாத சாட்சி அல்ல. உள்ளே இருந்தவர், அவருக்கும் சொந்த விருப்புவெறுப்புகள் உண்டு. ஆனாலும் இரண்டு காரணமும் ஒன்றையொன்று அடிக்கவில்லை என்பது என் எண்ணம். தேதியைத் தீர்மானித்தது ஐடிவி, ஆளைத் தீர்மானித்தது சங்கம். சர்ச்மன் பிற்காலத்தில் வேறொரு கதாபாத்திரமாக, மேரி பவுண்டாக, அதே ஆம்பிரிட்ஜுக்குத் திரும்பி வந்தார் என்பது இன்னொரு வேடிக்கை.

ரசிகர்களின் நினைவாற்றல் பற்றிச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரி 2, அறுபதாம் ஆண்டு சிறப்புப் பகுதி. நைஜல் பார்ஜெட்டர் தன் மாளிகைக் கூரையில் பனிக்காற்றில் ஏறி, கட்டியிருந்த பதாகையை அவிழ்க்கப்போய் வழுக்கி விழுகிறார். விழும்போது ஒரு அலறல். அடுத்த நாளே ரசிகர்கள் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார்கள்: அலறல் எத்தனை நொடி, அப்படியானால் கூரை எவ்வளவு உயரம்? பள்ளிக்கூட இயற்பியல்தான். 3 நொடி அலறிக்கொண்டே ஒருவர் விழுந்தால் 44 மீட்டர் வருகிறது, கிட்டத்தட்ட 14 மாடி! கிராமத்து மாளிகைக்கு அது ரொம்ப அதிகம்.

சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாத ஊடகம் இது. ஒலியிலிருந்து ஊரைக் கட்டி எழுப்புவது கேட்பவர் வேலை. அதனால் ஊர் அவருக்குச் சொந்தமாகிவிடுகிறது, சொந்த வீட்டின் அளவு தப்பானால் யார் சும்மா இருப்பார்கள்? ஒரு வார்த்தைகூடப் பேசாத கதாபாத்திரங்கள் ஆம்பிரிட்ஜில் ஏராளம். ஃப்ரீடா ஃப்ரை என்ற பெண்மணியின் சமையலைப் பற்றி எல்லோரும் வருஷக்கணக்காகப் பேசுவார்கள், அவர் குரலை யாரும் கேட்டதில்லை. 2015 வெள்ளத்தை ஒட்டி அவர் இறந்தபோது ரசிகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். கேட்டேயிராத ஒருவருக்கு!

இதைவிட ஒரு படி மேலே போனது 1981-இல் வந்த ஆம்பிரிட்ஜ் ஊர் வரலாறு. அட்டையில் ஆசிரியர்கள் பெயர் ஜெனிஃபர் ஆல்ட்ரிஜ், ஜான் ட்ரெகோரன். இருவருமே தொடரின் கதாபாத்திரங்கள். கற்பனை மனிதர்கள் கற்பனை ஊருக்கு எழுதிய வரலாறு நிஜக் கடையில் நிஜக் காசுக்கு விற்றது. நடிகர்கள் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது ஜூன் ஸ்பென்சரின் சுயசரிதை. முதல் வெள்ளோட்டத்திலிருந்தே இருந்தவர், பெகியாக நடித்து 2022-இல் 103 வயதில் ஓய்வு பெற்றார், 2024-இல் காலமானார். கதையில் பெகியின் கணவர் ஜாக்குக்கு அல்சைமர் நோய் வருகிறது. ஸ்பென்சரின் சொந்தக் கணவரும் நினைவிழப்பு நோயோடு வாழ்ந்து 2001-இல் இறந்தவர். இது தெரிந்தபின், ஜாக்கிடம் பெகி பொறுமையாகப் பேசும் குரல் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி ஹெலன். இந்தத் தொடரை அறிந்தவர்களிடம் ஹெலன், ராப் என்று இரண்டு பெயரைச் சொன்னால் போதும், குறைந்தது அரை மணி நேரம் பேசுவார்கள்.

ஹெலன் ஆர்ச்சர் சீஸ் செய்கிறவள். 2013-இல் புதிய பெரும்பால்பண்ணையின் மேலாளராக ராப் டிச்செனர் ஊருக்கு வருகிறான். நல்ல குரல், நல்ல பழக்கவழக்கம். காதல், பிறகு கல்யாணம். ஆரம்பத்தில் அடி உதை எதுவும் இல்லை, அதுதான் விஷயம். இந்த உடுப்பு வேண்டாமே. நீ கார் ஓட்டாதே, உனக்குப் பதற்றம். கடைக்கு எதற்குப் போகிறாய், நான் இருக்கிறேனே. அந்தத் தோழி உனக்கு நல்லவள் இல்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அக்கறை மாதிரியே இருக்கும். ஏறக்குறைய இரண்டரை வருஷம், 13 நிமிடம் 13 நிமிடமாக, இதை ஒலிபரப்பினார்கள்.

இங்கேதான் ரசிகர்களின் நினைவு முக்கியமாகிறது. ஹெலனின் அண்ணன் ஜான் 1998-இல் டிராக்டர் கவிழ்ந்து இறந்தது அவர்களுக்குத் தெரியும். அவளோடு வாழ்ந்த கிரெக் 2004-இல் தற்கொலை செய்துகொண்டது தெரியும். சாப்பிடாமல் உடம்பை வருத்திக்கொண்ட காலம் தெரியும். ராப் இதையெல்லாம் எடுத்து, இவள் மனம் சரியில்லாதவள் என்று ஊரை நம்பவைத்தான். ஊர் நம்பியது, பெற்ற தாய்கூட நம்பினாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களிலும் சிலர் ஆரம்பத்தில் ராப் பக்கம் சாய்ந்தார்கள். வில்லன் என்று முதல் நாளே முத்திரை குத்தாததால், எந்த இடத்தில் நாம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டவர்களே தங்களைத் திருப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. இரண்டு மணி நேரப் படத்தால் இதைச் செய்ய முடியாது.

கதை நடந்துகொண்டிருக்கும்போதே சட்டமும் மாறியது. 2015-ஆம் ஆண்டின் கடுங்குற்றங்கள் சட்டம், 76-ஆம் பிரிவு: நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கியாளுவதே குற்றம், அடித்திருக்க வேண்டியதில்லை, ஐந்து வருஷம் வரை சிறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 டிசம்பர் 29 முதல் அமலுக்கு வந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது ஹெலனால் குரலும் முகமும் பெற்றது. ஹெலன் பெயரில் ஒரு ரசிகர், குடும்ப வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு உதவும் 'ரெஃப்யூஜ்' அமைப்புக்காக நிதி திரட்டத் தொடங்கினார். 2016-இல் அது ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது.

2016 ஏப்ரல் 3. வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறாள் ஹெலன். ராப் கத்தியை அவள் கையில் திணித்து, சாவதுதான் உனக்கு ஒரே வழி என்கிறான். சிறுவன் ஹென்றி மாடியிலிருந்து இறங்கி வருகிறான். அவள் ராப்பைக் குத்திவிடுகிறாள். செப்டம்பரில் விசாரணை, ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதி, விடுதலை. காவலில் இருந்தபோது பிறந்த குழந்தையை ஹெலன் ஜாக் என்றாள், ராப் கிதியோன் என்றான். பேச்சில் எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் யார் கட்சி என்று கண்டுபிடித்துவிடலாம்.

அந்தக் கத்தி தேவையா என்பதில்தான் ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். தேவையில்லை என்ற பக்கம்தான் நானும். கத்தி வந்ததும் கதை நமக்குப் பழகிய நீதிமன்ற நாடகமாகிவிட்டது. பிரபல நடிகர்களை ஜூரிகளாகக் கூட்டிவந்ததும் எனக்கு உறுத்தல்தான். நிஜத்தில் பெரும்பாலான ஹெலன்களுக்குக் கத்தியும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தை ஒதுக்கவும் முடியவில்லை: கத்தி விழாதிருந்தால் செய்தித்தாள்கள் திரும்பிப் பார்த்திருக்குமா, அந்தப் பணம் சேர்ந்திருக்குமா? இதே மாதிரி வாழ்க்கையிலிருந்து வெளியே வந்த சிலர், கேட்க முடியவில்லை என்று வானொலியை அணைத்ததும் உண்மை. அவர்களுக்கு இது கதையில்லை.

ஆய்வாளர்கள் உள்ளே வந்தது இந்த நேரத்தில்தான். 2016 பிப்ரவரியில் லண்டனில் 'அகாடமிக் ஆர்ச்சர்ஸ்' முதல் கருத்தரங்கு. வந்தவர்கள் பேராசிரியர்கள் மட்டுமில்லை, வெறும் ரசிகர்களும்தான். அடுத்த வருஷம் வந்த கட்டுரைத் தொகுப்பின் தலைப்பில் கஸ்டர்ட், கல்வெர்ட், கேக் மூன்றும் வரிசையாக வரும். கஸ்டர்ட், கத்திக்குத்து நடந்த இரவின் சாப்பாட்டில் இருந்தது. கல்வெர்ட் என்றால் சாலைக்கடியில் போகும் நீர்க்குழாய், அதை ராப் அடைத்ததால்தான் 2015-இல் ஊருக்குள் வெள்ளம். தலைப்பைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சமையலும் சாப்பாடும் ஒரு பெண்ணை அடக்கும் கருவியாவது எப்படி என்ற கட்டுரைக்காகவே வாங்கலாம். ஹெலனின் உணவுச் சிக்கல் தெரிந்தவர்களுக்கு அது வேறு மாதிரி தைக்கும். குடும்ப உறவு வரைபடங்கள் பற்றிய பகுதி எனக்குக் கொஞ்சம் சலிப்பு.

2023-இல் ராப் திரும்பி வந்தான், மூளையில் கட்டியோடு. பாதிரியார் ஆலனிடம் ஞானஸ்நானம் கேட்டான். கொடுக்கலாமா? சாகப்போகிறவன் கேட்டால் மறுக்க மதத்தில் இடமில்லை என்று ஒரு கூட்டம், ஹெலனிடம் யார் கேட்டார்கள் என்று இன்னொரு கூட்டம். கதைக்குள் ஊரும் இதையே பேசிப் பிளந்தது. அவன் இறந்துபோனான், பேச்சு நிற்கவில்லை.

வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் ஸ்மெதர்ஸ்டில் தொடங்குங்கள், கொஞ்சம் உப்பு சேர்த்து. அடுத்து ஸ்பென்சர். கஸ்டர்ட் தொகுப்பை, 2015-16 பகுதிகளில் ஒன்றிரண்டாவது கேட்ட பிறகு எடுப்பது நல்லது. ஜெனிஃபரும் ட்ரெகோரனும் 'எழுதிய' ஊர் வரலாறு பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால் விடாதீர்கள். ஆசிரியை ஜெனிஃபர் 2023 ஜனவரியில் ஆம்பிரிட்ஜில் காலமாகிவிட்டார், இனி திருத்திய பதிப்பு வராது.