கதவைத் தட்டுபவருக்குக் காவல் எங்கே?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய நம் கரையோர ஊர்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு வீட்டின் அழுகுரல் அடுத்த வளவிற் கேளாமற் போவதில்லை. எனினும், "ஊர் வம்பு நமக்கேன்?" என்று அயலவர் ஒதுங்கிக்கொள்ள, படலையைத் திறந்து உள்ளே செல்பவர் ஒருவர் உளர். அவரே சமூக சேவை உத்தியோகத்தர்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இத்தகையோர்க்குப் பாரிய பொறுப்பொன்றை வைத்துள்ளது. பாதுகாப்புக் கட்டளை பேணப்படுகின்றதா எனக் கண்காணித்து அறிக்கை தருமாறு சமூக சேவையாளரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ நீதிமன்றம் பணிக்கலாம். ஆகவே, எவனுக்கு எதிராகக் கட்டளை பிறந்ததோ அவனுடைய வாசலுக்கே இவர் செல்ல நேருகின்றது. அவனது சினம் நீதவானை எட்டாது. எதிரே நிற்பவரையே எட்டும்.

இவ்வச்சம் வீணானதன்று. இந்தியாவின் இராஜஸ்தானில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியம் புரிந்தவர் பன்வாரி தேவி. 1992இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அவ்வாண்டு செப்டெம்பரில், கணவர் தாக்கப்பட, அவர் கொடிய பாலியல் வன்முறைக்கு ஆளானார். 1995இல் கீழ் நீதிமன்றம் அக்குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. ஆயினும், அவருக்கு நேர்ந்ததை முன்னிட்டுப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 1997இல் இந்திய உயர் நீதிமன்றம் பணியிடத்திற் பெண்களைக் காக்கும் நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் அவை சட்டமாயின. 2019இல் சர்வதேச தொழில் தாபனம் ஏற்ற 190ஆம் சமவாயமும், வெளியாரால் ஊழியர்க்கு நேரும் வன்முறையைக் கருத்திற் கொள்ளுமாறு கூறுகின்றது.

பொலிஸாரை உடனழைத்துச் சென்றாற் போதாதோ எனச் சிலர் வினவலாம். காக்கிச் சட்டையைக் கண்டதும் கதவும் மூடும்; மனமும் மூடும். கை ஓங்குபவரிற் பலர் பிள்ளையை இழப்போமோ, உதவிப்பணம் நின்றுவிடுமோ என்று அஞ்சியவரே. எனவே, முதற்கண் வேண்டுவன எளியவை: முதன்முறை செல்லும்போது இருவராகச் செல்லல்; செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் அலுவலகத்திற் பதிதல்; அவ்வீட்டின் முன்னைய வன்முறையை அறிந்து செல்லல்; வாசலை அண்டி அமர்தல்; குரல் உயர்ந்தால் எழுந்து வருதல். விடுக்கப்படும் மிரட்டல் ஒவ்வொன்றையும் எழுத்தில் வைத்தல் வேண்டும். மேலதிகாரி அதனைக் கோழைத்தனமெனக் கொள்ளலாகாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை தோன்றினாலோ, பொலிஸாரை நாடத் தயங்கலுமாகாது.

நம் மாணவருட் சிலர் இப்பணியை நாடுகின்றனர். அவர்களைப் பாராட்டி அனுப்புவதோடு நம் கடமை தீராது. பள்ளிவாசல் நம்பிக்கையாளரும் கோயில் வண்ணக்கரும், "இவர் நம் ஊரின் பொருட்டு வருபவர்" என்று வெளிப்படையாக ஒரு சொற் சொல்லின், அது பெருங் காவலாகும். அயல் வீட்டார் தம் படலையில் வந்து நிற்பதும் அவ்வாறே. ஊர் பார்த்து நிற்கின்றது என்று அறிந்தவன் ஓங்கிய கையைத் தாழ்த்துவான்.